செவ்வந்திப் பாத்தியில் முயல்

வீட்டிலும் தோட்டத்திலும் தொல்லை கொடுக்கிற விலங்குகளைப் பிடிக்கும் எங்கள் கம்பனி என்னைக் கூப்பிட்டு, புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள் என்று கேட்டது. போனேன். ஸ்காபரோவில், மில்லிக்கன் பிளாசாவின் மேல்மாடியில், ஒரு மேசை நிறைய டோனட் வைத்திருந்தார்கள். எனக்கு முன்னால் பேசியவர் ஏணியில் ஏறுவது பற்றிப் பேசினார், பேசினார், பேசிக்கொண்டே இருந்தார். என் முறை வந்தபோது நீங்கள் எல்லோரும் ஃபோனுக்குள் போய்விட்டீர்கள். உங்களில் பிழையில்லை. ஏணியைப் பற்றி அவ்வளவு கேட்டால் எனக்கும் அப்படித்தான் இருக்கும். ஆகவே சொல்ல வந்ததை எழுதித் தருகிறேன். தமிழ் வாசிக்கத் தெரியாதவர்கள் அம்மாவிடம் கொடுத்து வாசிப்பியுங்கள். வாசித்துவிட்டு அம்மா இந்த வேலையை விடச் சொன்னால் அதற்கு நான் பொறுப்பில்லை.

பொறி வைப்பது, வலை அடிப்பது, துவக்கைத் துடைத்துக் குண்டு போடுவது எல்லாம் பயிற்சியில் காட்டுவார்கள். வீடியோவும் இருக்கிறது. அதில் நான் கைவைக்கப் போவதில்லை. நான் சொல்லப்போவது ஒரு விடியற்காலையில் ஒரு வயதான மனிதர் என் துவக்குக்கு முன்னால் வந்த கதை. எந்தெந்த இடத்தில் காரியம் கெட்டிருக்கலாம் என்று பார்த்துக்கொண்டு வாசியுங்கள். நிறைய இடம் இருக்கிறது.

அதற்கு முன் தொழிலைப் பற்றி ஒரு சொல். இதற்கு மரியாதை கிடைக்காது. என் மனைவி இன்றுவரை யாரும் கேட்டால், 'அவர் என்விரோன்மென்ற் பக்கம்' என்றுதான் சொல்கிறார். கோயிலில் என் பெயர் முயல் அண்ணை. அன்னதானத்துக்கு வரிசையில் நிற்கும்போது, 'முயல் அண்ணை, எங்கட டெக்குக்குக் கீழை ஒரு ரக்கூன் குட்டி போட்டிருக்கு, ஒருக்கா எட்டிப் பாக்கேலுமோ?' என்பார்கள். எட்டிப் பார்ப்பேன். நகரத்துக்குள் ரக்கூன், அணில், பயந்தால் நாற்றத்தைப் பீச்சியடிக்கிற ஸ்கங்க். ஆனால் நான் கூடுதல் காலம் நின்றது நகரத்துக்கு வடக்கே, தோட்டங்களில், முயலோடு.

எனக்குத் தொழில் காட்டியவர் இங்கிலாந்தின் நாட்டுப்புறத்திலிருந்து வந்த ஒரு கிழவர். பெயர் வேண்டாம், அவருக்கு அது பிடிக்காது. ஆள் அதிகம் பேசமாட்டார். பேசினால் பாதி விளங்காது. தன் வான் வண்டியில் ஒரு மரப்பெட்டிக்குள் ஒரு ஃபெரட் வைத்திருந்தார். எங்கள் கீரிப்பிள்ளைக்குச் சொந்தக்காரன் போல நீண்ட உடம்பு, குட்டைக் கால், எந்நேரமும் ஏதோ ஒன்றில் குறை கண்டுபிடித்த முகம். அதை வளைக்குள் விட்டால் முயல் மறுவாசலால் வெளியே பாயும், அங்கே வலை இருக்கும். அதை வைத்து முயல் பிடிக்கவும் இங்கே தனி அனுமதி வேண்டும். கிழவரிடம் இருந்தது.

அவருடைய ஊரில் முயல் தானே வளை தோண்டிக் குடும்பம் குடும்பமாக இருக்குமாம். இங்கத்தைய முயல் தோண்டுகிற கஷ்டம் படாது. கிரவுண்ட்ஹொக் என்கிற பிராணி தோண்டிவிட்டுப் போன வளையில், ஷெட்டுக்குக் கீழே, பற்றைக்குள் என்று இருந்துகொள்ளும். நாங்கள் வந்த புதிதில் அடுத்தவர் வீட்டுப் பேஸ்மென்ற்றை வாடகைக்கு எடுத்து இருந்தது போல. அதனால் ஒரு வளையைப் பார்த்தால் உள்ளே யார் இருக்கிறார்கள் என்று சொல்ல ஏலாது. இதைத்தான் கிழவர் எனக்கு முதலில் காட்டினார், நான்தான் பார்க்கவில்லை.

ஒரு நாள் அந்த ஃபெரட் ஒரு வளைக்குள் போனது, திரும்பி வரவில்லை. கிழவர் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் இருந்து சான்விச் சாப்பிடத் தொடங்கினார். எனக்குப் பொறுக்கவில்லை. மண்வெட்டியை எடுத்து வெட்டுவோமா என்றேன். வளை இருக்கிறது என்று மட்டும்தான் உனக்குத் தெரியும் என்றார். கையை விட்டுப் பார்ப்போமா என்றேன். அவர் சான்விச்சின் மறுபாதியை எடுத்தார். நான் குனிந்து வளை வாசலில் முகத்தை வைத்துப் பார்த்தேன்.

உள்ளே இருந்தது ஸ்கங்க்.

அன்றைக்கு எங்கள் வீடு இருந்த மல்வேர்னுக்குப் போகிற பஸ்ஸில், வேலை விட்டு எல்லோரும் வீடு திரும்பும் நேரத்தில், எனக்கு ஒரு முழு வரிசை இருக்கை கிடைத்தது. பிறகு பஸ்ஸின் பின்பாதி முழுவதும் கிடைத்தது. கிழவர் தன் வானில் ஏற்றமாட்டேன் என்று சொல்லிவிட்டார், மறுவாசலால் தானாகவே வெளியே வந்திருந்த ஃபெரட்டுக்கு மணம் ஒத்துக்கொள்ளாதாம். மனைவி கதவைத் திறந்து, என்னைப் பார்த்து, கதவைச் சாத்தினார். உள்ளேயிருந்து, 'உந்தக் கோலத்தோட வீட்டுக்கை கால் வைக்காதேங்கோ' என்று ஒரு சத்தம் மட்டும் வந்தது. சாக்கு மாதிரி ஒரு துவாய் ஜன்னலால் விழுந்தது. பக்கத்து டவுன்ஹவுஸ் ஆட்கள் வெளியே வந்து பார்த்துவிட்டு உள்ளே போனார்கள்.

விளங்காத ஒன்று முன்னால் இருந்தால் கையை நீட்டாதே, இருந்து பார். கிழவரின் பாடம் அவ்வளவுதான். சொல்லியிருந்தால் மறந்திருப்பேன். மணம் ஒரு கிழமைக்கு மேல் நின்றதால் மறக்க முடியவில்லை.

பிறகு கிழவர் போனார், ஃபெரட் போனது, கம்பனி துவக்குக்கு லைசன்ஸ் எடுக்கச் சொன்னது. எடுத்தேன். 'துவக்குக்குப் பயந்து ஓடிவந்து, இஞ்சை வந்து துவக்கு வாங்கிறியளோ?' என்று மனைவி கேட்டார். அது கம்பனியின் துவக்கு, எனக்குச் சொந்தமில்லை என்றேன். 'அங்கையும் ஆருக்கும் சொந்தமில்லைத்தான்' என்றார்.

இப்போது கதைக்கு வருகிறேன்.

மார்க்கம் தாண்டி வடக்கே, வீடுகள் முடிந்து சோளம் தொடங்குகிற இடத்தில் சிவா என்று ஒருவர் காணி குத்தகைக்கு எடுத்துத் தோட்டம் செய்கிறார். யாழ்ப்பாணத்தில் அவர்கள் பரம்பரைத் தோட்டக்காரர். இங்கே வந்து காருக்குப் பாகம் செய்யும் ஃபக்டரியில் கனகாலம் நின்றுவிட்டு, அது மூடியதும் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டார். பயற்றை, கத்தரி, வெண்டி. ஸ்காபரோ தமிழ்க் கடைகளில் நீங்கள் சாப்பிடுகிற பயற்றங்காயில் பாதி அவருடையதாக இருக்கும். மனைவி சுதா, பள்ளிக்குப் போகும் பிள்ளைகள், சிவாவின் அப்பா. எல்லோரும் தோட்டத்தோடு சேர்ந்த பழைய வீட்டில்.

அந்த வருடம் சிவா ஒரு காரியம் செய்திருந்தார். கோயில் தேருக்கு முழுப் பூவும் தன்னுடைய உபயம் என்று ஒப்புக்கொண்டிருந்தார். தேர் முழுக்கச் செவ்வந்தி. மைக்கிலும் அறிவித்துவிட்டார்கள். மைக்கில் பெயர் சொன்ன பிறகு பூ இல்லை என்று சொல்ல ஏலுமா? ஸ்காபரோவில் பிறகு எந்தக் கலியாணவீட்டுக்கும் போக ஏலாது. மஞ்சளும் செம்மஞ்சளுமாக நீட்டுக்கு இரண்டு பாத்தி போட்டிருந்தார். தேர் நெருங்கிக்கொண்டிருந்தது. அப்போதுதான் என்னைக் கூப்பிட்டார்.

'அண்ணை, முயல் என்ரை மானத்தை வாங்குது' என்றார் ஃபோனில்.

போய்ப் பார்த்தேன். பயற்றை நாற்று எல்லாம் கத்தியால் சரித்து வெட்டியது போல அறுந்து கிடந்தது. சந்தேகமே இல்லை, முயல். பக்கத்தில் செவ்வந்திப் பாத்தி. அங்கே குந்தியிருந்து பார்த்தேன். இலை அப்படியே இருக்கிறது. தண்டு அப்படியே இருக்கிறது. மொட்டில் ஒரு கீறல் இல்லை. நன்றாக மலர்ந்த பூ மட்டும்தான் இல்லை, காம்பில் நகத்தால் கிள்ளி எடுத்தது போல. பூச்சி அரித்த பூவை விட்டுவிட்டு, பக்கத்தில் இருந்த நல்ல பூ போயிருந்தது.

'தம்பி, முயலுக்குப் பூச்சி அரிச்ச பூ, அரிக்காத பூ எண்ட வித்தியாசம் தெரியாது' என்றேன்.

'அப்ப மானோ?'

'மான் எண்டா தண்டையும் கொண்டு போயிருக்கும்.'

'அப்ப ஆர் அண்ணை? பக்கத்து வீடு கண்ணுக்கெட்டாத தூரத்திலை. இஞ்சை ஆர் வந்து பூப் பிடுங்கப் போறது? முயல்தான். வேறை வகை முயலா இருக்கும்.'

வேறு வகை முயல் என்று ஒன்று இல்லை என்று சொல்லவில்லை. வாடிக்கையாளர். வழமையாகக் கேட்கிற கேள்வியைக் கேட்டேன். 'விடியப்பறம் வீட்டிலையிருந்து ஆரும் வெளியிலை வருவினமோ?'

'ஒருத்தரும் வரமாட்டினம். பிள்ளையள் ஸ்கூல் பஸ் வந்து ஹோர்ன் அடிச்சாத்தான் எழும்புவினம். சுதா குசினியிலை. அப்பா எழும்பிடுவார், ஆனா வெளிக்கிடமாட்டார். கண்ணும் வடிவாத் தெரியாது. சாமிக்கு விளக்கேத்திப்போட்டு இருப்பார்.'

தேத்தண்ணி குடிக்க உள்ளே கூப்பிட்டார்கள். ஹோலில் சாமித்தட்டு. பிள்ளையார், முருகன், அம்மன், எல்லாப் படத்துக்கும் பிளாஸ்டிக் மாலை. நல்ல விலையான பிளாஸ்டிக், தூரத்தில் பார்த்தால் உண்மை போல இருக்கும். தட்டுக்குப் பக்கத்தில் கதிரையில் ஐயா, நெற்றி நிறையத் திருநீறு. மெலிந்த, நேராக நிமிர்ந்து இருக்கிற மனிதர்.

'தேர் முடியுமட்டும் வீட்டிலை ஒருத்தரும் பூவிலை கை வைக்கக்கூடாதெண்டு இவர் சொல்லிப்போட்டார்' என்றார் சுதா, கோப்பையைத் தந்துகொண்டு. 'அதுதான் சாமிக்கும் பிளாஸ்டிக்.'

'ஒரு மாசந்தானே, சாமி பொறுக்கும்' என்றார் சிவா.

நான் ஐயாவைப் பார்த்து, 'நீங்கள் முயலைக் கண்டனீங்களோ, ஐயா?' என்று கேட்டேன்.

'கண்டா என்ன தம்பி? அது பசிக்குத் தின்னுது. மைக்கிலை பேர் சொல்ல வேணுமெண்டு தின்னேல்லை.'

சுதா குசினிக்குள் போய்விட்டார். சிவா ஃபோனைப் பார்த்தார். நான் தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டு, நன்றி சொல்லி, பொறி வைக்கப் போனேன்.

இந்த இடத்தில் நீங்கள் சிரிப்பீர்கள், எனக்குத் தெரியும். எல்லாம் கண்ணுக்கு முன்னால் இருந்தது. பிளாஸ்டிக் மாலை இருந்தது, ஐயாவின் முகம் இருந்தது, கிள்ளிய காம்பு இருந்தது. ஆனால் வேலைக்குப் போன இடத்தில் ஒரு வீட்டின் மனஸ்தாபம் எங்கள் கண்ணில் பட்டாலும் நாங்கள் அதை வேலைக்குள் சேர்க்கமாட்டோம். அது அவர்களுடைய சொந்த விஷயம் என்று தள்ளி வைப்போம். அது பிழை. சிவா பொய் சொல்லவில்லை. 'ஆரும் வெளியிலை வருவினமோ' என்று கேட்டேன், அவருக்குத் தெரிந்ததைச் சொன்னார். எங்கள் ஆட்களுக்குச் சாமிக்குப் பூ ஆய்வது, அதாவது பறிப்பது, வெளியே போவதில் சேர்த்தியே இல்லை. அது முகம் கழுவுவது போல. இப்போது நான் வேறு கேள்வி கேட்கச் சொல்கிறேன். இந்த வீட்டில் யாருக்கு, எதைத் தொடக்கூடாது என்று சொல்லியிருக்கிறீர்கள்? வாடிக்கையாளர் உங்களை ஒரு மாதிரிப் பார்ப்பார். பார்க்கட்டும். கேளுங்கள்.

பொறி வைத்தேன். உயிரோடு பிடிக்கிற கூட்டுப்பொறி, பயற்றைப் பாத்தி ஓரமாகவும் செவ்வந்திக்குப் பின்னால் உள்ள பற்றை ஓரமாகவும். அடுத்த நாள் போனேன். பொறிகள் சாத்தியிருந்தன. உள்ளே ஒன்றும் இல்லை. குனிந்து பார்த்தால் புழுக்கை இருக்கிறது, கொஞ்சம் மயிரும் இருக்கிறது, முயல் இல்லை. திரும்பவும் வைத்தேன். திரும்பவும் அப்படியே. முயல் உள்ளே போய், அப்பிள் துண்டைத் தின்று, கதவைத் திறந்து வெளியே வந்து, மரியாதையாகக் கதவைச் சாத்திவிட்டுப் போயிருக்கிறது.

சிவாவிடம் காட்டினேன். 'கெட்டிக்கார முயல்' என்றார்.

'தம்பி, இஞ்சை ஆரோ வருகினம்.'

'அண்ணை, நீங்கள் முயல் பிடிக்க வந்தனீங்களோ, ஆளைப் பிடிக்க வந்தனீங்களோ? தேர் வந்திட்டுது. பொறி சரிவராட்டித் துவக்கைக் கொண்டு வாங்கோ.'

கம்பனிக்கும் ஃபோன் எடுத்துவிட்டார். கம்பனி எனக்கு எடுத்தது. அங்கே துவக்குப் பாவிக்க அனுமதி இருக்கிறதுதானே, ஏன் இழுக்கிறீர்கள் என்று கேட்டார்கள். நான் பூவின் காம்பைப் பற்றிச் சொன்னேன். 'அண்ணை, காம்பை விடுங்கோ, வேலையை முடியுங்கோ' என்றார்கள். கம்பிவலையை மண்ணுக்குள் தாழ்த்தி வேலியாக அடித்தால் முயல் பிரச்சினை தீர்ந்துவிடும், பிறகு அப்படித்தான் தீர்த்தோம். ஆனால் அவசரப்படுகிற மனிதருக்கு வேலி என்றால் மருந்தாகத் தெரியாது, சத்தம் கேட்க வேண்டும்.

சரி, வாறன் என்றேன். துவக்கைக் கொண்டு போனேன். குண்டு போடவில்லை. அதைச் சட்டைப் பைக்குள் போட்டுப் பொத்தானைப் பூட்டிக்கொண்டேன். இன்றைக்கு இருந்து பார்ப்பது மட்டும், யார் பொறியைத் திறக்கிறார்கள் என்று தெரிந்த பிறகு மற்றது என்று நினைத்திருந்தேன். அதைச் சிவாவுக்குச் சொல்லவில்லை. சொன்னால் தர்க்கம் பண்ணுவார். அதோடு அவரை வீட்டில் இருங்கள் என்றும் சொன்னேன், கேட்கவில்லை. 'என்ரை தோட்டம்' என்று வந்து எனக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் கூடையைக் கவிழ்த்து அதில் இருந்தார்.

விடிந்தும் விடியாத நேரம். செடி தெரியும், நிறம் தெரியாது. பனி பெய்து எல்லாம் நனைந்திருந்தது. எங்களுக்கு நேரே பயற்றைப் பாத்தி, அதற்கு அப்பால் செவ்வந்தி, அதற்கும் அப்பால் மண் மேடு. புத்தகத்தின்படி பார்த்தால் திறமான இடம். குண்டு தப்பினாலும் மேட்டில்தான் போய்ப் புதையும்.

முயல் வந்தது. நல்ல கொழுத்த முயல். பயற்றைப் பாத்தியின் நடுவில் வந்து இருந்து, சாவகாசமாக ஒரு நாற்றைக் கடித்தது.

'அண்ணை. உந்தா. உந்தா இருக்கு' என்றார் சிவா, மூச்சுக்காற்றால்.

'காணுறன்.'

'அப்ப சுடுங்கோவன்.'

முயல் அடுத்த நாற்றுக்குப் போனது. அது கடிக்கிற சத்தம் எங்களுக்குக் கேட்டது என்றே சொல்லலாம். ஒரு தோட்டக்காரனுக்கு அது எப்படி இருக்கும்? சிவா என் முழங்கையைப் பிடித்துவிட்டார்.

'ஏன் பாத்துக்கொண்டிருக்கிறியள்? உங்களை முயலுக்குக் காவல் இருக்கவோ கூப்பிட்டனான்? சுடுங்கோ அண்ணை. சுடுங்கோ.'

நான் மகாத்மா இல்லை. அவர் சொல்லச் சொல்ல என் கை சட்டைப் பைக்குப் போனது, பொத்தானையும் கழற்றிவிட்டது. குண்டு விரலில் தட்டுப்பட்டது. முயல் அசையாமல் இருக்கிறது, மேடு இருக்கிறது, வாடிக்கையாளர் சுடு என்கிறார், கம்பனி முடி என்கிறது. பிறகு என்ன?

பிறகு முயலின் காது. தின்கிற முயல் ஒரு காதை ஆபத்து இருக்கிற பக்கம் திருப்பி வைத்திருக்கும். நாங்கள் இந்தப் பக்கம் முணுமுணுத்துக்கொண்டிருக்கிறோம், ஒரு காது எங்கள் பக்கம் இருந்தது, அது நியாயம். மற்றக் காது செவ்வந்திப் பாத்திப் பக்கம் இருந்தது. அங்கே ஏதோ இருக்கிறது என்று முயலுக்குத் தெரியும். தெரிந்தும் ஓடவில்லை. அப்படியென்றால் அது ஒவ்வொரு நாளும் வருகிற ஆள். முயலுக்குப் பழகின ஆள்.

கையை வெளியே எடுத்தேன், குண்டில்லாமல். பொத்தானைத் திரும்பப் பூட்டினேன்.

'என்ன?' என்றார் சிவா.

'செவ்வந்திக்கை ஆரோ இருக்கினம்.'

'விசரோ உங்களுக்கு?' என்று குரலை உயர்த்திவிட்டார். முயல் ஓடியது.

செவ்வந்திப் பாத்தியில், முயல் இருந்த இடத்துக்கு நேர் பின்னால், மண் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்த ஒன்று எழும்பியது. தலையோடு மூடிய மண்ணிறச் சால்வை. கையில் ஒரு கடைப் பை. குந்தியிருந்து பூ ஆய்ந்துகொண்டிருந்திருக்கிறார். பூசைக்கு முதல் வாய் திறப்பதில்லை என்பதால் ஒரு செருமல்கூட இல்லை.

யாருடைய சத்தம் என்று பிடிபடாமல், அது வந்த பக்கம் ஐயா திரும்பினார். கண்ணாடி போடவில்லை. அவருக்குத் தெரிந்தது இரண்டு உருவமும் ஒரு துவக்கின் நீளமும்தான்.

பை கீழே விழுந்தது. இரண்டு கையும் மேலே போயின. பதறவில்லை, கத்தவில்லை. விரல்களை விரித்து, உள்ளங்கை எங்களுக்குத் தெரியும்படி, தலையிலிருந்து விலத்தி, சரியாக எப்படி உயர்த்தவேண்டுமோ அப்படி உயர்த்தினார். என் வயதுக்காரர்களுக்குத் தெரியும், அது ஒரு நாளில் பழகுகிற உயர்த்தல் இல்லை.

'மாத்தையா' என்றார். 'பூ, மாத்தையா. பூ மட்டுந்தான்.'

உங்களில் இங்கே பிறந்தவர்களுக்குச் சொல்கிறேன். அது சிங்களச் சொல், ஐயா என்று பொருள். எங்கள் ஊரில் நாங்கள் அதைத் துவக்கோடு மறித்து நின்ற ஆமிக்காரருக்குத்தான் சொன்னோம்.

சிவா கையால் வாயைப் பொத்தினார். கொஞ்ச நேரத்துக்கு முன் சுடுங்கோ, சுடுங்கோ என்று சொன்ன வாய். நான் துவக்கைப் புல்லில் வைத்துவிட்டு, இரண்டு கையையும் விரித்துக் காட்டிக்கொண்டு பாத்தி வழியே நடந்தேன். சிவா எனக்குப் பின்னால் வருகிறார் என்று செடி முறிகிற சத்தத்தில் தெரிந்தது.

ஐயா கையை இறக்கவில்லை. பக்கத்தில் போய், மணிக்கட்டுகளைப் பிடித்து, நான்தான் மெல்ல இறக்கினேன். கை ஐஸ் மாதிரிக் குளிர்ந்திருந்தது. விரலெல்லாம் செவ்வந்தி மணம்.

'ஐயா, நான் முயல் பிடிக்கிற ஆள். அண்டைக்கு வீட்டை வந்து தேத்தண்ணி குடிச்சனே.'

என் முகத்துக்குக் கிட்டவாக முகத்தைக் கொண்டுவந்து பார்த்தார். நெஞ்சு மேலும் கீழும் போனது. 'தம்பியோ' என்றார். பிறகு என் சட்டைக்கையைப் பிடித்துக்கொண்டு குரலைத் தணித்தார்.

'உதை மகனுக்குச் சொல்லிப்போடாதேங்கோ. அவன் பகல் முழுக்க முறிஞ்சுபோட்டுப் படுத்திருக்கிறான். நான் பூ எடுத்தது தெரிஞ்சா மனம் நோவான். ஒரு நாளும் சாமிக்குப் பூ வைக்காமல் இருந்து பழக்கமில்லைத் தம்பி, அதுதான், பிளாஸ்டிக் மாலைக்குப் பின்னாலை ஒளிச்சு வைக்கிறனான். முயலைத் திறந்து விட்டதும் நான்தான். அதையும் சொல்லாதேங்கோ.'

சிவா என் தோளுக்குப் பின்னால் நின்றார். நான் திரும்பிப் பார்க்கவில்லை. அவரை அந்த நேரம் பார்ப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. அவர் என்னைத் தாண்டி வந்து, ஐயாவின் காலடியில் குந்தி, பையிலிருந்து கொட்டிக் கிடந்த பூக்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, மண்ணை ஊதி ஊதிப் பைக்குள் போடத் தொடங்கினார்.

ஐயா குனிந்து பார்த்தார். என்னோடு வந்த வேலையாள் என்று நினைத்திருக்க வேண்டும்.

'நிலத்திலை விழுந்தது சாமிக்கு ஆகாது, தம்பி. விடுங்கோ' என்றார்.

சிவா பையைக் கவிழ்த்து எல்லாவற்றையும் கொட்டினார். எழும்பிப் பாத்திக்குள் போய், வடிவாக மலர்ந்த பூக்களாகப் பார்த்து ஆயத் தொடங்கினார்.